பெரிய திரையில் ஒரு நடுக்கம்

கேமராக் கண்காட்சிக்குப் போகாமல் இருக்க ஸ்டாண்டு அண்ணன் என்னென்னவோ சாக்கு சொல்லிப் பார்த்தார். முடிக்க வேண்டிய ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன என்றார். தலை வலிக்கிறது என்றார். வருஷா வருஷம் அதே கடை, அதே பை, அதே விளக்கு, புதுசாக என்னத்தைக் கண்டுவிடப் போகிறோம் என்றார். தங்கை எதற்கும் மசியவில்லை. இரண்டு பேர் பெயரையும் தானே பதிவு செய்து, கழுத்தில் மாட்டும் அட்டைகளையும் அச்சடித்துக்கொண்டு, ஸ்டுடியோ வாசலில் காரை நிறுத்தி ஹாரனை அழுத்தினாள். கேமரா வாங்கப் போகிற நேரத்தில் அதைப் பிடிக்கப் போகிறவர் வராமல் எப்படி என்று அவள் கேட்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்டாண்டு என்பது தொழிலில் அவருக்கு விழுந்த பெயர். இளவயதில் ஒரு கல்யாண வேலைக்குப் போனபோது கேமராவை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டை எடுத்து வர மறந்துவிட்டார்கள். மண்டபத்தில் வெளிச்சம் மட்டமாக இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வெறும் கையால் எடுத்த படங்களில் ஒன்றுகூட ஆடவில்லை. இவனுக்கு எதுக்கு ஸ்டாண்டு, இவனே ஒரு ஸ்டாண்டு என்று முதலாளி சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தமாக ஸ்டுடியோ வைத்து, தலை நரைத்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகும் தொழில்காரர்களுக்கு அவர் ஸ்டாண்டு அண்ணன்தான். அவர் படம் எடுப்பார். வீடியோ தங்கையின் பொறுப்பு. அண்ணன் எடுத்து வருகிற படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, நல்லதைப் பொறுக்கித் திருத்துவதும் அவள்தான்.

அந்தக் கை ஒரு வருஷமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

முதல் தடவை ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்தது. மணப்பெண் நடந்து வரும்போது நீள லென்ஸைத் தூக்கினார். கேமராவின் கண்ணாடிக்குள் அந்தப் பெண் தண்ணீருக்கு அடியில் நிற்பவள்போல் அலைந்தாள். காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த கல்யாணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார். வேறொரு மணப்பெண் அலைந்தாள். அன்றிலிருந்து தந்திரங்கள் ஆரம்பித்தன. தூண் கண்ட இடத்தில் சாய்ந்தார். முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டார். பத்தில் ஒன்றாவது தேறும் என்று ஒரே காட்சியைப் படபடவென்று எடுத்துத் தள்ளினார். வீட்டில் சட்டைப் பொத்தானைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

காரணம் அப்பா. அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே அவர் கை ஆட ஆரம்பித்தது. சும்மா மடியில் கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். பிறகு நடை சுருங்கியது. பிறகு முகம் போனது. சிரிப்பு, கோபம் எதுவும் ஏறாமல் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆனது. கடைசியில் வாயில் ஊட்டியதை விழுங்கவே பாடாய்ப் பட்டார். நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, எல்லாவற்றையும் பார்த்தது இந்த அண்ணனும் தங்கையும்தான். அப்பாவுக்கு அது தொடங்கிய வயதுதான் இப்போது அவருக்கு. அதனாலேயே டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போனால் அதே பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

கண்காட்சி அரங்கம் விமானக் கொட்டகை போல உயரமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் குளிர்காற்றும் புதுக் கம்பள வாசனையும் முகத்தில் அடித்தன. ஒவ்வொரு கடையும் தனித்தனியாக ஒரு பாட்டைப் போட்டு, எல்லாப் பாட்டும் சேர்ந்து இரைச்சலாகி இருந்தது. எங்கு திரும்பினாலும் யாராவது கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு இது மிட்டாய்க்கடை. இன்று, நீட்டப்பட்ட ஒவ்வொரு கேமராவும் தன் கைக்கு வைக்கிற பரீட்சையாகத் தெரிந்தது.

ஆல்பம் அச்சடிக்கிறவர்களின் வரிசையில் புகுந்துகொண்டார். தாள்களைத் தடவித் தடவிப் பார்த்தார். வாங்கவே போகாத பின்னணித் துணிகளை விலை விசாரித்தார். யார் விளம்பரத் தாளை நீட்டினாலும் வாங்கி இரண்டு கையையும் நிரப்பிக்கொண்டார். தெரிந்த அச்சகக்காரர் ஒருவர், என்ன ஸ்டாண்டு அண்ணே ஆளையே காணோம் என்று கை குலுக்க வந்தபோது, நிரம்பிய கைகளைக் காட்டிச் சிரித்துவிட்டுத் தப்பித்தார்.

தங்கை பொறுமையாகக் கூடவே வந்தாள். பிறகு கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.

"அண்ணா, வா. நம்ம நேரம் வந்தாச்சு."

எதற்கு நேரம் என்று கேட்டார். புதுக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் பெயரில் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நீயே பார் பாப்பா, நீ பார்த்தால் நான் பார்த்தமாதிரிதான் என்றார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான். அவள் அவர் கையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வெறும் கையோடு பின்னால் நடந்தார்.

அந்தக் கடைதான் அரங்கத்திலேயே பெரியது. நடுவில் ஒரு சின்ன மேடை. அதன்மேல் பளபளக்கும் சட்டை போட்ட ஒருவர் வண்ணப் பந்துகளை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே உயரமான மேசையில், முழங்கை நீள லென்ஸ் மாட்டிய புதுக் கேமரா. அதிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சுவரளவு திரை ஒன்றில் சேர்ந்தது. கேமராவைப் பிடிக்கிறவர் கண்ணில் படுவது அத்தனையும் அந்தத் திரையில் ஓடும். சுற்றிலும் கும்பல்.

திரையைப் பார்த்ததும் அவர் கால் பின்வாங்கியது. திரும்ப இடமில்லை. பின்னால் வரிசை நெருக்கியடித்து நின்றது. காதில் மைக் மாட்டிய கடைக்காரப் பெண், பல வருஷ அனுபவம் உள்ள கல்யாணப் புகைப்படக்காரர் வந்திருக்கிறார் என்று அவர் அட்டையைப் பார்த்து அறிவித்தாள். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவள் கேமராவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

லென்ஸின் கனம் மணிக்கட்டில் இறங்கியதுமே நடுக்கம் கிளம்பி வருவது அவருக்குத் தெரிந்தது. சாய ஒரு தூண் இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு திறந்தார்.

படம் ஆடவில்லை.

பந்து எறிகிறவரின் முகம் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. மேலும் கீழும் பறந்த பந்துகளுக்கு நடுவே அவர் கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. தோலில் தெரிந்தது. ஆனால் படம் அசையவில்லை. சின்ன ஆட்டத்தையும் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். முகம் அப்படியே நிற்க, பந்துகள் மட்டும் வண்ணக் கோடுகளாக இழுபட்டன. கும்பலில் ஆகா என்று ஒரு சத்தம் எழுந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவருக்கு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. இதை வாங்கிவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அந்த நொடியில் நம்பினார்.

"சார் எடுத்ததப் பார்த்தீங்களா? எவ்ளோ மெதுவான ஷட்டர், ஆனா ஆடவே இல்ல" என்றாள் மைக் பெண். "இதுல சார் கை எவ்ளோ, ஆட்டத்த நிறுத்தற எங்க ஸ்டெபிலைசர் எவ்ளோன்னு இப்ப பாப்போம். சார், அப்படியே பிடிச்சிருங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் லென்ஸின் பக்கவாட்டிலிருந்த சின்ன ஸ்விட்சைத் தள்ளிவிட்டது.

சுவரளவு திரை குலுங்கியது. பந்துக்காரரின் முகம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும் அங்கிருந்து இங்குமாகச் சீராக, விடாமல் அடித்துக்கொண்டது. நீள லென்ஸைப் பிடித்தால் யாருக்கும் கொஞ்சம் ஆடும். இது அந்த ஆட்டம் இல்லை. அவர் நிறுத்தப் பார்த்தார். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது கூடியது. கும்பல் சிரித்தது. வேடிக்கைக்காகத்தான் அப்படி ஆட்டிக்காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பூகம்பம், எல்லாரும் வெளியே ஓடுங்க என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். மைக் பெண்ணும் சேர்ந்து சிரித்தவள், அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கேமராவை இறக்கி வைக்கவும் முடியவில்லை. விரல்கள் இறுகிவிட்டன. கண்ணாடிக்குள் பார்த்தபடியே திணறித் திரும்பியபோது மேசைக்கு அந்தப்பக்கம் நின்ற தங்கையின் முகம் குறுக்கே வந்தது. அவருக்கும் தெரிந்தது, திரையிலும் தெரிந்தது. அடித்துக்கொண்ட அந்தப் படத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளிடம் திகைப்பு இல்லை. புதிதாக ஒன்றைப் பார்த்த முகமே இல்லை அது.

கேமராவை எப்படி மேசையில் வைத்தார் என்று அவருக்குத் தெரியாது. கும்பலைப் பிளந்துகொண்டு நடந்தார். விளக்குக் கடை, கேமராப் பை விற்கிற கடை, மறுபடியும் விளக்குக் கடை. வாசல் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. எல்லோரும் தன் கையையே பார்ப்பதாகத் தோன்றியது. கறுப்புத் திரைச்சீலை ஒன்றை விலக்கி, அதற்குப் பின்னாலிருந்த இரும்புக் கதவைத் தள்ளினார். அவசர வழிக்கான மாடிப்படி. காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. படியில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டார். அப்பாவின் படுக்கை கண்முன்னால் வந்தது. அதில் படுத்திருந்தது அவர்தான். புரட்டிவிட்டது அவர் மகள்.

தங்கை கதவைத் திறந்துகொண்டு வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றார்.

"நீ எடுக்கற படத்த முதல்ல பார்க்கறது நான்தானே."

அவள் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு விளங்கியது. ஆரம்பத்தில் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறாள். லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆடிப்போன படங்களை அவர் கண்ணில் படுவதற்கு முன்பே அழித்திருக்கிறாள். போதாத இடத்துக்குத் தன் வீடியோவிலிருந்து உருவிப் போட்டிருக்கிறாள். இந்தக் கேமராவைப் பற்றிப் படித்ததும், இதை வாங்கிக் கொடுத்துவிட்டால் எதையும் பேசாமலே சமாளித்துவிடலாம் என்றுதான் அழைத்து வந்திருக்கிறாள். ஸ்விட்சை அணைத்துக் காட்டுவார்கள் என்று அவளுக்கும் தெரியாது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வருஷமாகத் தனக்கு முட்டுக் கொடுத்து ஓட்டியிருக்கிறாள். தான்தான் எடுக்கிறோம் என்று இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"உனக்கு என்ன பயம்? ஆடறது என் கை."

அவள் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்தாள்.

"தினமும் காலையில எந்திரிச்ச உடனே இப்படித்தான் பிடிச்சுப் பார்க்கறேன். பல்லு விளக்கறதுக்கு முன்னாடி. எனக்கும் அவர்தானே அப்பா."

அவர் கோபம் வந்த வழியே போயிற்று. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவருக்கு அது தோன்றவில்லை. அவள் கைகளைப் பார்த்தார். ஆடவில்லை. நன்றாகக் குனிந்து, மறுபடியும் பார்த்தார்.

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைக்கச் சொன்னாள். மாட்டேன் என்றார். அப்பாவின் கை மடியில் உருட்டிக்கொண்டே இருந்ததுதான் அவர் கண்ணுக்குள் நின்றது. தன் கையும் அதைச் செய்கிறதா என்று இந்த ஒரு வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை. ஒன்று வேலை கொடுத்தார், இல்லாவிட்டால் ஒளித்து வைத்தார். தங்கை வற்புறுத்தவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அன்றைக்கே மனைவியிடம் சொன்னார். அவள் கையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததற்குத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

நரம்பு டாக்டரின் காத்திருப்பு அறையில் நாற்காலிகள் சுவரோரமாகப் போட்டிருந்தன. எதிரே சக்கர நாற்காலியில் ஒருவர். சுவர் மாதிரி முகம். மடியில் கிடந்த கையில் இரண்டு விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த பெண் நிமிடத்துக்கொரு தரம் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். ஸ்டாண்டு அண்ணன் எழுந்துவிட்டார். கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். தங்கை அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பெயர் கூப்பிடும்வரை அவர் நின்றபடியே இருந்தார். அவள் பிடித்தபடியே இருந்தாள்.

டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. கைகளை நீட்டச் சொன்னார். ஆடின. மூக்கைத் தொடச் சொன்னார். தாளில் சுருள் வட்டம் போடச் சொன்னார். அது ரம்பத்தின் பல் மாதிரி வந்தது. அறையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பச் சொன்னார். முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்கி மடக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் டாக்டரின் முகத்தைத்தான் படித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில், கைகளைச் சும்மா மடியில் போட்டுக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்றார்.

இதற்குப் பயந்துதான் அவர் இத்தனை நாள் ஓடியது. கைகளை மடியில் வைத்தார். ஜன்னலைப் பார்த்தபடி கழித்தார். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. அடுத்தது வரவில்லை.

"பரவால்ல, கையப் பாருங்க" என்றார் டாக்டர்.

குனிந்து பார்த்தார். இரண்டு கைகளும் தூங்குகிறவர் கைகள்போல மடியில் சும்மா கிடந்தன.

அப்பாவுக்கு வந்தது கை சும்மா இருக்கும்போது ஆடுவது, இவருக்கு வந்திருப்பது கை வேலை செய்யும்போது ஆடுவது, இது வேறு என்று டாக்டர் விளக்கினார். உடம்பில் விறைப்பு இல்லை, நடையும் சரியாக இருக்கிறது என்றார். உயிருக்கு ஒன்றும் செய்யாது, முழுசாகப் போகவும் போகாது, வயது ஏற ஏறக் கொஞ்சம் கூடலாம், மாத்திரை மட்டுப்படுத்தும். வேறு கோளாறு ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இது அப்பாவுக்கு வந்த நோய் இல்லையே என்பதையே அவர் மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டார். டாக்டர் மூன்று தடவையும் அதே பதிலைச் சொன்னார்.

"அப்பாவோடது இல்லைன்னு எழுதித் தர முடியுமா?" என்றார் நாலாவதாக.

"இன்னைக்குப் பார்த்தவரைக்கும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வாங்க, பார்த்துக்கிட்டே இருப்போம்."

பிறகு ஸ்டாண்டு அண்ணன் தங்கையையும் உட்கார வைத்தார். அவள் கையையும் பார்க்கச் சொன்னார். அவள் சங்கடத்தோடு கைகளை நீட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் பல்லை விளக்குங்கள், கையைப் பார்க்காதீர்கள் என்றார். அவள் அண்ணன் பக்கம் திரும்பி முறைத்தாள். உள்ளே வரும்போதே இவர் அதை டாக்டரிடம் போட்டுக் கொடுத்திருந்தார்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. மாத்திரை அவரைக் கொஞ்சம் சோம்பலாக்கியது. கை ஆடுவது பாதியாகக் குறைந்தது. அந்தக் கேமராவை நீள லென்ஸ் இல்லாமல் வாங்கினார்கள். தூரத்திலிருந்து எடுப்பதைத் தங்கை பார்த்துக்கொள்வது, பக்கத்தில் நின்று எடுப்பதும் வெளிச்சம் வைப்பதும் அவர் என்று பிரித்துக்கொண்டார்கள். பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது கண் தானாக மடிக்குப் போய், விரல்கள் உருட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டு வரும்.

அடுத்து வந்த கல்யாணத்தில் மணமக்களை ஜன்னல் பக்கம் நிறுத்திக் கேமராவைத் தூக்கினார். கை லேசாக ஆடியது. மணப்பெண்ணின் மாமா ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, என்ன சார் கை நடுங்குதே, காய்ச்சலா என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோக் கேமராவுக்குப் பின்னாலிருந்து தங்கை தலையை நிமிர்த்தினாள்.

"காய்ச்சல் இல்லைங்க. எனக்குக் கை நடுங்கும். மாத்திரை சாப்பிடறேன்" என்றார். "நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க. பொண்ணு முகத்துல உங்க நிழல் விழுது."

மாமா நகர்ந்தார். ஸ்டாண்டு அண்ணன் படத்தை எடுத்தார்.